ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி

முனைவர் பட்ட ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயில் இருந்த மாணவி அவர். பல்கலைக்கழகத்தில் நான் நடத்திய கணினிப் பயிற்சிக்கு வந்தவர், பென்டிரைவை நீட்டி, "இதைக் கொஞ்சம் திறந்து பாருங்க சார்" என்றார். ஊரில் டிடிபி சென்டரில் அடித்து வாங்கிய கோப்பு. திறந்தால், 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடமெல்லாம் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. இருநூறு பக்கமும் இப்படியே. "மூணு வருஷ உழைப்பு சார்" என்றவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

கோப்பு கெட்டுப்போகவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேடம் கட்டுபவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடும். யூனிகோடில் தமிழுக்கென்றே தனி எண்கள் உண்டு; எங்கே திறந்தாலும் தமிழ் தமிழாகவே இருக்கும்.

ஆய்வேடுகளை மின்வடிவிலும் தர வேண்டும் என்று யுஜிசி 2009-லேயே விதித்தது. அவை சோத்கங்கா களஞ்சியத்துக்குப் போகின்றன. பழைய எழுத்துருவில் அடித்த ஆய்வேட்டுக்குள் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் அகப்படாது. எழுதியவரின் உழைப்பு இருந்தும் இல்லாத கணக்குதான். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல். இன்னமும் பயிற்சி என்றால் எக்செல், பவர்பாயின்ட் என்று முடித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் ஒரு மணி நேரம் தமிழ் எழுத்துக்கு வேண்டும்.

தமிழ்99 விசைப்பலகையில் 'அம்மா'வுக்கு நான்கே தட்டு: அ, ம, ம, ஆ. ஒரே மெய்யை அடுத்தடுத்து அடித்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ந அடித்துத் த அடித்தால் 'ந்த'. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வரும் என்று நன்னூல் படித்த பிள்ளைகளுக்கு இதைச் சொன்னதும் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன்.

அலுவலகப் பணியாளர்கள் மீது இதைத் திணிக்க வேண்டாம். டைப்ரைட்டிங் ஹையர் முடித்து இருபது ஆண்டு பழகிய விரல்கள் அவை. அந்தப் பழைய தட்டச்சு முறையிலேயே யூனிகோடில் அடிக்கலாம். அதைக் காட்டியதும் ஒரு கண்காணிப்பாளர் அம்மா, விசைகளைக் குனிந்து பார்க்காமலே ஒரு சுற்றறிக்கையை அடித்து முடித்தார்.

மாணவியின் கோப்பை எழுத்துரு மாற்றியில் போட்டோம். ஒரு நிமிடத்தில் தமிழ் வந்துவிட்டது. கூடவே, துணைநூற்பட்டியலில் இருந்த ஆங்கில நூல்களின் பெயர்களும் பொருளற்ற தமிழாகிவிட்டன. அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கினார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன்.

"நாற்பத்திரண்டாவது புத்தகத்துல இருக்கேன் சார், நீங்க சாப்பிடுங்க" என்றார்.