செல்பேசி எண் பாஸ்வேர்டு ஆகுமா?

வைஃபை இணைப்புக் கொடுக்க வருகிறவர் ரூட்டரைச் சுவரில் மாட்டிவிட்டு, "பாஸ்வேர்டு என்ன சார் போடட்டும்?" என்று கேட்கிறார். பல வீடுகளில் பதிலாக வருவது செல்பேசி எண். பத்து இலக்கம், மறக்காது, யாரும் ஊகிக்க முடியாது என்று தோன்றும். ஆனால் இந்தியச் செல்பேசி எண்கள் 6, 7, 8, 9 என்ற நான்கில் ஒன்றில்தான் தொடங்கும். ஆகவே மொத்தமே 400 கோடி எண்கள்தான். 2004-ல் வந்து இன்றும் பரவலாக இருக்கும் டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில், செல்பேசி ரூட்டரோடு சேரும்போது இரண்டுக்கும் இடையே நான்கு செய்திகள் போய்வருகின்றன. பாஸ்வேர்டு அவற்றில் இருக்காது. பாஸ்வேர்டு தெரிந்தவர் மட்டுமே இடக்கூடிய ஒரு முத்திரை இருக்கும். தெருவில் நிற்பவர் அதைப் பிடித்துக்கொண்டு போய், தன் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கலாம். ரூட்டருக்கு இது தெரியவே தெரியாது. ஒவ்வொரு ஊகத்துக்கும் கணக்கை 4,096 சுற்று ஓட்டியாக வேண்டும் என்று தடை வைத்திருக்கிறார்கள். அப்படியும் கணினி விளையாட்டுக்காரர்கள் வாங்கும் உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சம் ஊகங்களைச் சோதித்துவிடும். 400 கோடிக்கு 4,000 நொடி. ஒரு மணி நேரம், ஏழு நிமிடம்.

"என் வீட்டில் திருட என்ன இருக்கிறது?" என்பார்கள். திருட்டு மட்டுமே ஆபத்து இல்லை. 2008 ஜூலை 26-ல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு வந்த மிரட்டல் மின்னஞ்சலைத் தேடிப் போன காவல்துறை, நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் அடுக்குமாடி வீட்டில் போய் நின்றது. பூட்டப்படாத அவரது வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். விசாரணையை எதிர்கொண்டவர் அவர். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, முதல் கேள்வி அவருக்குத்தான். வைஃபையின் பெயரை மறைத்து வைப்பதும் காப்பாற்றாது. நம் கருவிகள் சேரும்போது அந்தப் பெயரைத் தாமே காற்றில் சொல்லிவிடுகின்றன.

நீளமான பாஸ்வேர்டு நினைவில் நிற்காது என்பது நியாயமான கவலை. ஆனால் ஒரு கருவியில் ஒருமுறை அடித்தால் போதும். 63 எழுத்துவரை இடமும் இருக்கிறது. இரண்டாயிரம் சொற்களிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஐந்தை எடுத்துக் கோத்தால், அதே கார்டு எல்லாவற்றையும் சோதித்து முடிக்க ஆயிரம் ஆண்டு ஆகும். உரல், பம்பரம், தூறல், கணக்கு, வெண்டை என்று ஒட்டில்லாத சொற்களாக இருக்கட்டும். பிள்ளைகளின் பெயரோ ஊர்ப் பெயரோ வேண்டாம். ரூட்டரில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதற்கு மாறுங்கள். முத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோய் ஊகிக்கும் வழியையே அது அடைக்கிறது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழையத் தனி பாஸ்வேர்டு உண்டு; அது இன்னும் 'அட்மின்' என்றே இருந்தால், அதையும் இன்றே மாற்றிவிடுங்கள்.