கடல் குதிரை: புராணத்திலும் மூளையிலும் பாக் விரிகுடாவிலும்

சிவகங்கை மாவட்டத்துக்கு இன்று கடற்கரை இல்லை. ஆனால் பழைய ராமநாதபுரம் மாவட்டம் 1985-இல் பிரிக்கப்படும் வரை காரைக்குடியும் தொண்டியும் ஒரே மாவட்டத்துக்குள்தான் இருந்தன. சிவகங்கைச் சீமையின் துறைமுகமாக விளங்கிய தொண்டியில் இன்றைக்கும் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இயங்கி வருகிறது. அந்தத் தொண்டிக்கு எதிரே பரந்து கிடக்கும் பாக் விரிகுடாவின் ஆழமற்ற நீரில், கடற்புல் தாள்களை வாலால் பற்றிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் மீனைக் கரையோர மக்கள் கடல் குதிரை என்கின்றனர். விலங்கியலார் அதை ஹிப்போகாம்பஸ் என்னும் பேரினத்தில் வைத்துள்ளனர். கிரேக்கப் புராணத்தின் கற்பனை விலங்கு ஒன்றுக்கும் மனித மூளையின் உட்பகுதி ஒன்றுக்கும் அதே பெயர்தான். மூன்றிலும் மனிதர் முதலில் கண்டது உருவத்தையே; அந்த உருவம் எதற்காக அமைந்தது என்பதை அறிய நெடுங்காலம் பிடித்தது.

கிரேக்கர்களின் கடல் தெய்வமான பொசைடனின் தேரை இழுத்துச் செல்லும் விலங்கு, முன்பாதி குதிரையாகவும் பின்பாதி சுருண்ட மீன் வாலாகவும் சித்திரிக்கப்பட்டது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் பினீசிய நகரமான டயர் வெளியிட்ட வெள்ளிக் காசுகளில், இத்தகைய குதிரைமீது கடவுள் ஒருவர் வில்லேந்திச் செல்லும் உருவம் பொறிக்கப்பட்டுள்ளது. ரோமானியர் தம் குளியல் மண்டபத் தரைகளில் வண்ணக் கற்களைப் பதித்து அதே உருவத்தை வரைந்தனர். பாய்ந்து வந்து கரையில் மோதும் அலையின் வேகத்தைக் குதிரையின் வேகமாகக் காண்பது கடலோடிகளுக்கு இயல்பாக இருந்திருக்க வேண்டும்.

இந்திய மரபிலும் குதிரைக்கும் கடலுக்கும் உறவு உண்டு. பாற்கடலைக் கடைந்தபோது எழுந்தவற்றுள் உச்சைசிரவம் என்னும் வெண்குதிரையும் ஒன்று. ஔர்வ முனிவரின் சினத்தீ கடலில் விடப்பட்டுப் பெண்குதிரையின் முகம் கொண்டு அங்கேயே நீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்பது மகாபாரதம் சொல்லும் கதை. தமிழ் நூல்கள் அதனை வடவைத்தீ என்று வழங்குகின்றன. எத்தனை ஆறுகள் வந்து விழுந்தாலும் கடல் ஏன் கரை கடப்பதில்லை என்ற கேள்விக்குப் பழைய உலகம் கண்ட விடை அது. அய்யனாருக்கு மண் குதிரை செய்து புரவி எடுப்பு நடத்தும் சிவகங்கைச் சீமையில், குதிரையைத் தெய்வத்தோடு சேர்த்து எண்ணும் வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது.

புராணக் குதிரை மூளைக்குள் நுழைந்தது 16-ஆம் நூற்றாண்டில். இத்தாலியின் பொலோனா நகரத்து உடற்கூற்றியலாளர் ஜூலியோ செசாரே அரான்சி, மூளையை அறுத்துப் பார்த்தபோது பக்க மடலின் உட்புறத்தில் வளைந்து கிடந்த மேடு ஒன்றைக் கண்டு, அதன் வடிவைக் கடல் குதிரையோடு ஒப்பிட்டு 1587-இல் வெளியான நூலில் விவரித்தார். காதுக்கு நேர் உள்ளே, இடமும் வலமுமாக ஒவ்வொன்று என இரண்டு ஹிப்போகாம்பஸ்கள் உள்ளன. நரம்புச் செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட இரு தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு கிடப்பதே அந்த வளைவுக்குக் காரணம். பெயர் கிடைத்த பின்னரும் அதன் பணி என்ன என்பது மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேல் தெளிவாகவில்லை.

தெளிவு பிறந்தது ஒரு மனிதரின் இழப்பால். அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலைசன், மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயால் அவதிப்பட்டவர். 1953-இல் அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் அவருடைய மூளையின் இரு புறத்திலும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் அதைச் சூழ்ந்த திசுக்களையும் அகற்றினார். வலிப்பு குறைந்தது, ஆனால் அன்று முதல் நிகழ்ந்த எதையும் மொலைசனால் நினைவில் வைத்திருக்க முடியவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி வைத்தார். இரட்டைக் கோட்டால் வரையப்பட்ட விண்மீன் ஒன்றின் உருவத்தை, தாளையும் கையையும் நேராகப் பாராமல் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, இரு கோடுகளுக்கு இடையே பென்சிலை நகர்த்தி வரைய வேண்டும். முதல் நாள் பென்சில் கோட்டை மீறி மீறிச் சென்றது. மூன்றாம் நாள் கை தேர்ச்சியுடன் வரைந்தது. எனினும் அந்தப் பயிற்சியை முன்பு செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. நடந்ததை நினைவாகப் பதிவதற்கு ஹிப்போகாம்பஸ் இன்றியமையாதது என்பதும், கைப்பழக்கம் மூளையின் வேறு பகுதிகளில் பதிகிறது என்பதும் இதனால் புலப்பட்டன. ஸ்கோவிலும் மில்னரும் 1957-இல் வெளியிட்ட கட்டுரை நினைவு பற்றிய ஆய்வுக்கே புதிய வழியைத் திறந்தது.

இடத்தை அறிவதும் இவ்வுறுப்பின் பணியே. எலி ஒரு கூண்டில் குறிப்பிட்ட மூலைக்குச் செல்லும்போது மட்டும் துடிக்கும் நரம்புச் செல்களை லண்டனில் ஜான் ஓகீஃப் 1971-இல் கண்டறிந்தார். ஹிப்போகாம்பஸை ஒட்டிய பகுதியில், இடத்தைச் சீரான கட்டங்களாகப் பிரித்து உணரும் செல்களை நார்வேயின் மோசர் தம்பதியினர் கண்டறிந்தனர். மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆல்சைமர் எனும் மறதி நோய் தொடக்கத்திலேயே தாக்கும் பகுதிகளுள் ஹிப்போகாம்பஸும் ஒன்றாதலால், அந்நோய் கண்ட முதியவர்கள் அண்மையில் நடந்ததை முதலில் மறக்கின்றனர். பழகிய தெருவிலும் வழி தவறுகின்றனர். பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் சுமந்திர சட்டர்ஜியும் அவருடைய குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், நீடித்த மன அழுத்தத்துக்கு ஆளான எலிகளின் ஹிப்போகாம்பஸில் நரம்புச் செல்களின் கிளைகள் சுருங்கின. அச்சத்தை உணரும் அமிக்டலா என்னும் பகுதியிலோ அவை வளர்ந்தன. தீராத கவலை நினைவாற்றலைக் குறைத்து அச்சத்தைக் கூட்டுவது ஏன் என்பதற்கு இந்திய ஆய்வகம் அளித்த முக்கியமான விளக்கம் இது.

இனி உயிருள்ள கடல் குதிரையைக் காணலாம். உலகில் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. முதுகில் மூன்று கரும்புள்ளிகள் கொண்ட இனம் உட்படப் பல இனங்கள் தமிழகக் கடலில் வாழ்கின்றன. இதன் உடலில் செதில் இல்லை. தோலுக்கு அடியில் எலும்புத் தகடுகள் வளையம் வளையமாக அடுக்கப்பட்டுக் கவசம்போல் அமைந்துள்ளன. வாலில் துடுப்பு இல்லாததால் முதுகுத் துடுப்பை நொடிக்கு 35 முறை வரை அசைத்து மெதுவாக நகர்கிறது; நீரோட்டம் இழுக்கும்போது வாலால் புல்லைப் பற்றிக்கொள்கிறது. இரு கண்களும் தனித்தனியே சுழல்கின்றன. பல்லும் இரைப்பையும் இல்லாத இம்மீன், குழல் போன்ற வாயால் நுண்ணிய இறால் வகைகளை உறிஞ்சி, நாள் முழுவதும் தின்றுகொண்டே இருந்தாக வேண்டும். எல்லாவற்றினும் வியப்பானது, கருவைச் சுமப்பது ஆண் என்பதே. பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் இடுகிறது. ஆண் அவற்றைக் கருவுறச் செய்து, பைக்குள் உயிர்வளியும் ஊட்டமும் அளித்துச் சில வாரங்களில் நூற்றுக்கணக்கான குஞ்சுகளை வெளியேற்றுகிறது. அவற்றுள் பிழைத்து வளர்வன மிகச் சிலவே.

ஓரிடத்தில் நிலைத்து, பெரும்பாலும் ஒரே துணையோடு வாழும் மெதுவான மீன் எளிதில் பிடிபடும். உலர்ந்த கடல் குதிரை சீன மரபு மருத்துவத்தில் மருந்தாக விலைபோவதால், பாக் விரிகுடாவில் மூழ்கிப் பிடித்தும் வலையில் சிக்கியதைச் சேர்த்தும் ஏற்றுமதிக்காக விற்கும் தொழில் நடந்தது. 2001-இல் இந்திய அரசு கடல் குதிரைகளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துப் பிடிப்பதையும் விற்பதையும் தடைசெய்தது. 2004 முதல் பன்னாட்டு வணிகமும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஆயினும் இறாலுக்காக அடித்தரையை வாரிச் செல்லும் இழுவைமடி, சட்டத்தைக் கேட்டுக் கடல் குதிரையை விலக்குவதில்லை. அதன் வீடான கடற்புல்லையும் சேர்த்தே பெயர்த்துவிடுகிறது. கண்மூடி வாரும் வலைகள் இருக்கும் வரை தடைச் சட்டம் மட்டும் பயன் தராது என்பதைத் தென்னிந்தியக் கடல் குதிரைகள் குறித்து 2021-இல் வெளிவந்த ஆய்வும் எடுத்துக்காட்டியது.

வழி இல்லாமல் இல்லை. கரையை ஒட்டிய கடற்பகுதியில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்ற விதி தமிழ்நாட்டில் ஏற்கெனவே உள்ளது. அந்த ஆழமற்ற பகுதியில்தான் கடற்புல் செழித்து வளர்கிறது. கடற்பசுவுக்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு 2022-இல் காப்பகமாக அறிவித்தது; அங்கே புல் காக்கப்பட்டால் கடற்பசுவோடு கடல் குதிரையும் பிழைக்கும். அதே பாதுகாப்பு தெற்கே தொண்டிக் கடலுக்கும் நீள வேண்டும். விசைப்படகு விதி ஏட்டளவில் நில்லாமல் கடலில் நடைமுறைக்கு வர வேண்டும். விதியை மதித்து நாட்டுப்படகில் தொழில் செய்யும் மீனவர் குடும்பங்களை அரசு தாங்க வேண்டும். மூளையின் கடல் குதிரையை அறிய உலகம் பெரும் உழைப்பைச் செலவிடும் இக்காலத்தில், நம் கரைக்கு எதிரே வாழும் கடல் குதிரையை இழந்தால் அது நம் தலைமுறையின் குற்றமாகவே நிற்கும்.