உங்களுக்குத் தெரியுமா? வாய்ப்பேச்சு வேலைக்கும் வழக்கு உண்டு

பிணக்கை நீதிமன்றத்தில் அல்ல, நடுவரிடமே தீர்க்க வேண்டும் என்ற ஒப்பந்தங்களைச் செல்லுபடியாக்கும் அமெரிக்காவின் 1925ஆம் ஆண்டு நடுத்தீர்ப்புச் சட்டம், மாலுமிகள், ரயில்வே ஊழியர்கள், மாநில எல்லை கடந்த வணிகத்தில் உழைப்போர் ஆகியோரின் வேலை ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது. வீட்டு வாசல்வரை பொதி கொண்டுபோகும் அமேசான் ஓட்டுநர்களுக்கும் இவ்விலக்கு உண்டென 2020இல் இரு மேன்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லின. அதே ஆண்டு, உணவு கொண்டுபோகும் கிரப்ஹப் ஊழியர்களுக்கு இல்லை என்றது இன்னொன்று. பொதி மாநிலம் தாண்டி வந்ததாம். சுடுசாப்பாடு பக்கத்துக் கடையிலிருந்து வந்ததாம்!

இலங்கையில் கேள்வியே வேறு: நீங்கள் 'தொழிலாளி'தானா? 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு வாய்மொழி ஒப்பந்தமே போதும். தானே உழைத்து வேலையை முடித்துத் தர ஒப்புக்கொண்டவரும் அதில் அடங்குவார். நமுனுகுலவிலிருந்து கொழும்புக்குப் போய் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகும் தம்பிமாரே, "நீ எங்கள் ஊழியன் இல்லை" என்று கம்பனி சொன்னதும் ஒதுங்கிவிடாதீர்கள். வேலையிலிருந்து நிறுத்தினால், ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் மனுப் போடுங்கள்.