கடை ரோஜாவில் வாசம் எங்கே போச்சு? மாடித் தொட்டியில் மணக்குது பன்னீர் ரோஜா!

செக்கச்செவேல் நிறம். முழ நீளக் காம்பு. ஜாடியில் வைத்தால் ஒரு வாரம் வாடாது. ஆசையாக மூக்கருகே கொண்டு போனால்... ஒன்றுமே இல்லை!

"என்னப்பா இது, ரோஜாவா காகிதப் பூவா?" என்று கேட்காதவர் யார்?

அதே கோயம்பேடு பூ மார்க்கெட்டுக்கு இன்னொரு ரோஜாவும் மூட்டை மூட்டையாக வருகிறது. இளஞ்சிவப்பு நிறம். குட்டைக் காம்பு. தொட்டால் இதழ் உதிரும். ஆனால் பக்கத்தில் போனாலே கமகம! அதுதான் பன்னீர் ரோஜா.

தீவில் பிறந்த பூ

பன்னீர் ரோஜா என்று விற்கப்படும் பூக்களில் ஒன்று எட்வர்டு ரோஜா. இது பிறந்த கதை சுவையானது.

மொரீஷியசுக்குப் பக்கத்தில் ரீயூனியன் தீவு இருக்கிறது. அந்தக் காலத்தில் அதன் பெயர் போர்பன் தீவு. அங்கே வேலியோரம் வளர்ந்த டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் தானாகக் கலந்து உண்டானது இந்த இனம். 1819 வாக்கில் இதன் விதை பாரிசுக்குப் போனது.

1867-ல் 'லா பிரான்ஸ்' என்ற புது ரக ரோஜா வந்தது. அதற்கு முன்பே இருந்த இனங்களைத்தான் 'பழைய தோட்ட ரோஜா' என்கிறார்கள்.

மணம் போனது ஏன்?

விற்பனைக்காகப் புதுப்புது ரகம் உண்டாக்கியவர்கள் நிறத்தைப் பார்த்தார்கள். நீண்ட காம்பைப் பார்த்தார்கள். வாடாமல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். வாசனையைக் கோட்டை விட்டார்கள்!

ரோஜா மணத்துக்கு முக்கியமான ஒரு நொதியை பிரான்ஸ் விஞ்ஞானிகள் 2015-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். மணம் இல்லாத ரோஜாவில் அது சரியாக வேலை செய்வதில்லையாம்.

வளர்ப்பது சுலபம்

பென்சில் பருமனில், நாலு கணு உள்ள குச்சி போதும். செம்மண், மணல், மக்கிய சாணி எரு கலந்த தொட்டியில் நட வேண்டும். தினம் ஐந்தாறு மணி நேரம் வெயில் படட்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அக்டோபர் முதல் டிசம்பருக்குள் ஒரு தடவை கவாத்து செய்தால், புதுக் கிளை விட்டுப் பூக்கும்.

பூவை விடியற்காலையில் பறிப்பதே நல்லது. வெயில் ஏற ஏற வாசனை எண்ணெய் ஆவியாகிப் பறந்துவிடும். அந்த எண்ணெய் பூவில் இருப்பதே சொற்பம். ஒரு கிலோ எண்ணெய் எடுக்க 3 டன்னுக்கு மேல் பூ வேண்டும்!

வீட்டிலேயே குல்கந்து

இதழ்களைக் கழுவி, நிழலில் ஈரம் போக உலர்த்துங்கள். இதழ் எடைக்குச் சமமாகப் பொடித்த கற்கண்டு எடுங்கள். கண்ணாடி ஜாடியில் இதழ் ஒரு அடுக்கு, கற்கண்டு ஒரு அடுக்காகப் போட்டு மூடி, இரண்டு மூன்று வாரம் வெயிலில் வைத்தால் குல்கந்து ரெடி. சர்க்கரை வியாதிக்காரர்கள் மட்டும் நாக்கைக் கட்ட வேண்டும்!

உஷார்!

ஒரு எச்சரிக்கை. மாலைக்கென்று விற்கும் பூவில் குல்கந்து போடாதீர்கள். அது தலைக்கும் சாமிக்கும் வளர்த்த பூ, வயிற்றுக்கு வளர்த்ததல்ல. செடிக்குப் பூச்சி மருந்து அடித்திருப்பார்கள். தண்ணீரில் கழுவினாலும் மருந்து முழுசாகப் போகாது.

வாயில் போடும் பூவுக்கு, நாமே மருந்தடிக்காமல் வளர்த்த சொந்தத் தொட்டிதான் உத்தரவாதம். மணம் போனஸ்!