இரண்டு தெனாரியஸ் மிளகு

இங்கிலாந்தின் நியூகாசிலில் படித்தபோது, அக்கம்பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் விண்டோலாண்டாவைத்தான் சொன்னார்கள். ஹெக்ஸம் வரை ரயில். அங்கிருந்து ஒரு பஸ். அதன் எண் ஏ.டி.122. பக்கத்தில் ஓடும் ஹேட்ரியன் சுவரை ரோமானியர்கள் கட்டத் தொடங்கிய ஆண்டு அது. சரித்திரத்தைப் பஸ் நம்பராக்கிய ஊர் எனக்கு உடனே பிடித்துப்போனது.

விண்டோலாண்டா சுவரைவிட மூத்த கோட்டை. கி.பி. 85 வாக்கில் மரத்தால் கட்டியது. இன்று மேலே தெரிவதெல்லாம் பிற்காலக் கல் கோட்டையின் அடிச்சுவர்கள். உண்மையைச் சொன்னால், முதல் பத்து நிமிடம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. சரக்கு முழுக்க மண்ணுக்கு அடியில்.

ஒரு படை போய் மறு படை வரும்போது பழைய மரக்கோட்டையை இடித்துவிட்டு, அதன்மேல் களிமண்ணும் புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளும் பரப்பிப் புதிதாகக் கட்டினார்கள். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது கோட்டைகள். மழைக்குப் பஞ்சமில்லாத இடம். அடி அடுக்குகளில் ஈரம் ஊறி நின்றுவிட, மேலிருந்த களிமண் காற்றை மறித்தது. ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் மேலே நிற்கும்படி பாட்டி ஊற்றுவாளே, கிட்டத்தட்ட அதே கணக்குதான். மரத்தையும் தோலையும் மக்கவைக்கும் பூஞ்சைகளும் பெரும்பாலான நுண்ணுயிர்களும் பிராணவாயு இல்லாமல் வேலை செய்யாது. அதனால் இரும்பும் மண்பாண்டமும் மட்டுமே மிஞ்சவேண்டிய இடத்தில் 5,000க்கும் மேற்பட்ட செருப்புகளும் பூட்ஸ்களும் கிடைத்திருக்கின்றன. குழந்தைகளின் காலணிகளும் அவற்றில் உண்டு. மரச் சீப்பு, குத்துச்சண்டைக் கையுறை, கழிப்பறையின் மர இருக்கைகூட வந்தது.

இவற்றையெல்லாம் மிஞ்சியது கடிதங்கள். 1973இல் ராபின் பெர்லி என்ற தொல்லியலாளர் தோண்டியபோது தச்சுப்பட்டறைச் சீவல்போல மெல்லிய மரத்துண்டுகள் வந்தன. ஒட்டியிருந்த இரண்டைப் பிரித்தால் உள்ளே மைக்கோடுகள்! ஆனால் வெளிக்காற்றுப் பட்டதும் எழுத்து மங்கிப்போனது. கைகொடுத்தது அகச்சிவப்புப் படம். எழுதிய மை கரி மை. நம் கண்ணுக்கு, ஊறிக் கறுத்த மரமும் கரியும் ஒரே கறுப்பு. அகச்சிவப்புக் கதிரை மரம் திருப்பி அனுப்பும், கரி விழுங்கிவிடும். படத்தில் மரம் வெளுத்து, எழுத்து கறுத்து எழும்பி வந்தது. அப்படி மீட்டவை 1,000க்கு மேல். பெரும்பாலானவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

எழுதியிருப்பது என்ன? காலுறையும் உள்ளாடையும் அனுப்பிய சேதி. தன் ஆட்களுக்குப் பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்று ஓர் அதிகாரி. பேர்பெற்றது கி.பி. 100ஐ ஒட்டி கிளாடியா செவெரா தன் தோழி லெபிடினாவைப் பிறந்தநாளுக்கு அழைத்த கடிதம். வேறொருவர் எழுதிய அதன் கடைசியில் செவெரா தன் கையாலேயே நாலு வரி சேர்த்திருக்கிறாள். ஒரு பெண் லத்தீனில் எழுதிய, நமக்குக் கிடைத்தவற்றிலேயே மிகப் பழைய கையெழுத்துகளில் அது ஒன்று.

எனக்கோ ஒரு கணக்குச் சீட்டுதான் மனதில் நின்றது. வீரர்களின் பெயர், வாங்கிய பொருள், விலை. டாப்போ மகன் கம்பாக்ஸ்: மிளகு, இரண்டு தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு). பெயரைக் கேட்டாலே ரோமாபுரிக்காரன் இல்லை என்று தெரியும். அந்தக் கோட்டையில் இருந்த படைகள் இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கத்து ஆட்களைக் கொண்டவை.

கருமிளகு அன்று விளைந்தது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைச்சரிவில். சேரநாட்டு முசிறியில் கப்பலேறி, பருவக்காற்றைப் பிடித்துச் செங்கடல் துறைகளுக்கு, அங்கிருந்து ஒட்டகத்தின்மேல் பாலைவனம் தாண்டி நைல் நதிக்கு, பிறகு அலெக்சாந்திரியா, மத்தியதரைக்கடல். எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில் ஏழரை கிலோ மிளகு அடைத்த ஜாடியையே தோண்டி எடுத்திருக்கிறார்கள். முசிறியில் அதை அளந்து கொடுத்தவர் தமிழில்தான் எண்ணியிருப்பார். சாம்ராஜ்யத்தின் வடகோடியில், ஓயாத சாரலில், கம்பாக்ஸ் அதைக் கூழில் போட்டானா இறைச்சியில் தூவினானா என்று சீட்டில் இல்லை.

அன்று நனைந்ததில் எனக்கு ஜலதோஷம். அறைக்கு வந்து மிளகு ரசம் வைத்தேன். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், விளைந்த நாடு வியட்நாம்.