வறண்ட முகமும் மலிவான களிம்பும்

கார்த்திகை பிறந்தால் போதும், எங்கள் காக்ஸ் டவுனில் காலை நடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முகத்தைத் தடவிக்கொண்டேதான் பேசுவார்கள். கன்னத்தில் வெள்ளைச் செதில், உதட்டோரத்தில் வெடிப்பு, சிரித்தால் தோல் இழுக்கிறது என்று ஆளுக்கொரு குறை. சென்னைப் பக்கத்துப் புழுக்கத்தில் வளர்ந்த நமக்கு இது புதிய தொல்லை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலும் வெகு தொலைவு. மாசி, பங்குனி மாதப் பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். காய்ந்த காற்று நம் முகத்திலுள்ள ஈரத்தைத்தான் முதலில் உறிஞ்சும்.

இந்தக் குறைக்கு எதை வாங்குவது, எவ்வளவு செலவழிப்பது என்பதைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் வைத்தியன் அல்லன், ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளன். இந்த விஷயத்தில் தவறு செய்து கற்றுக்கொண்டவன்.

நான் செய்த தவறு

2016 பொங்கல் கழிந்த சமயம். "என்னங்க, முகமெல்லாம் எரியுது, ஏதாவது வாங்கிட்டு வாங்களேன்" என்றாள் என் மனைவி. மருந்துக் கடையில் சொன்னேன். கடைக்காரர் சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு சிறிய ட்யூபை எடுத்துக் கொடுத்தார். விலை சொற்பம். மூன்றே நாளில் முகம் பளபளவென்று ஆகிவிட்டது. நல்ல மருந்து கிடைத்தது என்று நானே திரும்பத் திரும்ப வாங்கி வந்தேன்.

ஆறு மாதம் ஆனதும் வேறு கதை. ஒரு நாள் பூசாவிட்டால் முகம் சிவந்து எரியும், பூசினால் அடங்கும். கன்னத்தில் சிவப்பு நூல் இழைகள் போல இரத்த நாளங்கள் தெரிய ஆரம்பித்தன. தோல் மருத்துவரிடம் போனோம். அந்த அம்மையார் ட்யூபைப் பார்த்துவிட்டு, "யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஐயா, இது ஈரப்பசைக்கான களிம்பே இல்லை. ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் முகத்தில் போட்டால் தோல் காகிதம் மாதிரி மெலிந்துவிடும்" என்றார்.

முகம் தேற ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. இந்தக் கொடுமை எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. நாடு முழுவதும் தோல் மருத்துவர்கள் இதைப் பற்றி எச்சரித்து வந்ததன் பேரில், 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என்று அறிவித்தது. ஆனால் சட்டம் ஒரு பக்கம், பழக்கம் ஒரு பக்கம். ஆகவே ட்யூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் முகத்தருகே கொண்டு போகாதீர்கள். ஏற்கெனவே பூசி வருகிறவர்கள் எப்படி நிறுத்துவது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

தோல் ஒரு செங்கல் சுவர்

மருத்துவர் சொன்ன விளக்கம் என் போன்றவனுக்கு எளிதாகப் புரிந்தது. தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர். உயிரணுக்கள் செங்கல், அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் காரை. காரை உதிர்ந்தால் உள்ளிருக்கும் நீர் கசிந்து வெளியேறிவிடும். சோப்பும் வெந்நீரும் காரையைக் கரைக்கின்றன. காய்ந்த காற்று மிச்ச வேலையை முடிக்கிறது. ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீரில் சோப்பு போட்டால் வெள்ளைக் கசடு தோலிலேயே தங்கி எரிச்சல் கூட்டும். பாய்லரில் உப்பு படிவதைப் பார்த்தவர்களுக்கு இந்த நீரின் குணம் தெரியும்.

களிம்புகளில் உள்ள சரக்கு எந்த விலையிலும் பெரும்பாலும் மூன்றே வகைதான்.

ஒன்று, ஈரத்தை இழுத்துப் பிடிப்பது: கிளிசரின், குறைந்த அளவு யூரியா. இரண்டு, செதிலைப் படியவைத்து மிருதுவாக்குவது: பலவகை எண்ணெய்கள், கொழுப்புகள். மூன்று, மேலே மூடி போட்டு நீர் வெளியேறாமல் தடுப்பது: பெட்ரோலியம் ஜெல்லி, லிக்விட் பாரஃபின். மூன்றாவது வகையில் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்சியது இன்றுவரை அரிது. அமெரிக்காவில் எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களில் படிந்த மெழுகைத் தொழிலாளர்கள் காயத்தில் பூசுவதைக் கவனித்த ராபர்ட் செஸ்ப்ரோ என்பவர், அதைச் சுத்திகரித்து 1872-இல் வாசலின் என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். இன்றும் அதுவே மலிவான பூச்சு.

என் மனைவிக்கு மருத்துவர் எழுதித் தந்ததும் வாசனையில்லாத, வெள்ளை பாரஃபினும் லிக்விட் பாரஃபினும் சேர்ந்த சாதாரணக் களிம்புதான்.

விலைக் கணக்கு

முகத்துக்கு இரண்டு வேளைக்கும் சேர்த்து ஒரு கிராம் என்று வையுங்கள். மாதம் 30 கிராம். 50 கிராம் டப்பா 300 ரூபாய் என்றால் கிராம் 6 ரூபாய். மாதச் செலவு 180 ரூபாய். 100 கிராம் 80 ரூபாய் என்றால் மாதம் 24 ரூபாய். மீதி 156 ரூபாய் பெரும்பாலும் வாசனைக்கும் கண்ணாடி டப்பாவுக்கும் விளம்பரத்துக்கும் போகிறது. அழகுசாதன டப்பாக்களில் கிராமுக்கு என்ன விலை என்று அச்சிடும் விதி வந்திருக்கிறது. அந்தச் சிறிய எழுத்தைத் தேடிப் படியுங்கள். உட்பொருள் பட்டியலில் முதலில் இருப்பதே அதிகம் இருப்பது என்பதையும் நினைவில் வையுங்கள். 'மக்கள் மருந்தகம்' எனப்படும் ஜன் ஔஷதி கடைகளிலும் விசாரிக்கலாம்.

தேங்காய் எண்ணெய் ஆகாதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஆகும். 2004-இல் பிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒரே அளவுக்குப் பயன் தருவதாகக் கண்டார்கள். முகப்பரு வரும் இளையவர்களுக்கு மட்டும் அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

பூசும் முறை

எதை வாங்குகிறோம் என்பதைவிட எப்போது பூசுகிறோம் என்பதே முக்கியம். காய்ந்த முகத்தில் மூடி போட்டால் உள்ளே அடைபடுவதற்கு ஈரம் ஏது?

1. வெதுவெதுப்பான அல்லது குளிர்ந்த நீரில் முகம் கழுவுங்கள். சோப்பு இரவில் ஒரு முறை, அதுவும் குறைவாக. மிகவும் வறண்ட முகத்துக்குப் பயத்தமாவும் கடலைமாவும் வேண்டாம்; அவை இருக்கிற எண்ணெயையும் எடுத்துவிடும்.

2. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுவதும் காயுமுன், இரண்டு மூன்று நிமிடத்துக்குள் களிம்பைப் பூசுங்கள்.

3. பகலில் இலேசான கிரீம். இரவில் பயறளவு பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிய பூச்சாக. கிளிசரினைத் தனியாகப் பூசாமல் நீரோ பன்னீரோ கலந்து பூசுங்கள்.

4. புதிய களிம்பை முதலில் முன்கையின் உட்புறத்தில் நாலைந்து நாள் பூசிப் பாருங்கள். அரிப்பு, சிவப்பு வந்தால் விட்டுவிடுங்கள். வாசனையில்லாததே நல்லது.

5. பாரஃபின் ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்பருகே போகாதீர்கள்.

இரண்டு வாரம் இப்படிச் செய்தும் குணமில்லை என்றாலோ, நீர் கசிந்தாலோ, மூக்கோரம் மஞ்சள் செதில் படிந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, சர்க்கரைக் கோளாறுகளாலும் தோல் வறளும். நம் பகுதியினருக்குச் சிவாஜி நகரில் பௌரிங் மருத்துவமனையின் தோல் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது.

என் மனைவியின் முகம் இப்போது நன்றாக இருக்கிறது. வலது கன்னத்தில் மட்டும் இரண்டு சிவப்பு இழைகள் மறையவே இல்லை. அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் ஒவ்வொரு குளிர்காலமும் களிம்பு வாங்கக் கடைக்குக் கிளம்பும்போது, "கண்ணாடியை எடுத்துக்கிட்டுப் போங்க, எழுத்தைப் படிச்சுட்டு வாங்குங்க" என்பாள். வாசகர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது அதுதான்.