பழுப்பு ஏறாத செல்கள்

கட்டிக்குள் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அளந்து நோயின் போக்கை முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா? சென்ற வாரம் இந்தக் கேள்வியோடு நிறுத்தினோம். பெருங்குடல் புற்றுநோயின் இரண்டாம் நிலையில் இதற்குப் பதில் மிக அவசரமாகத் தேவைப்படுகிறது.

இரண்டாம் நிலை என்றால், கட்டி குடற்சுவரின் தசையைத் தாண்டிவிட்டது, ஆனால் நிணநீர்க் கணுக்களை எட்டவில்லை என்று பொருள். வெட்டி எடுத்தாலே பெரும்பாலானோர் குணமாகிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் நோய் திரும்புகிறது. யாருக்கு என்று தெரியாதபோது எல்லோருக்கும் கீமோதெரபி கொடுத்துவிடலாமா? பிரிட்டன் மருத்துவர்கள் முன்னின்று 3,239 பேரிடம் நடத்திய குவாசர் ஆய்வின் முடிவு 2007-இல் வந்தது. கீமோவால் கூடுதலாகப் பிழைப்பவர்கள் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர்தான். மற்றவர்கள் அந்த மருந்தின் துன்பத்தைப் பலனின்றிச் சுமக்கிறார்கள்.

எனவே மரபணுக்களிடம் கேட்டார்கள். 12 மரபணுக்களை அளக்கும் ஆன்கோடைப் பரிசோதனை அதே குவாசர் நோயாளிகளின் கட்டிகளில் சோதிக்கப்பட்டது. மூன்றாண்டுகளில் நோய் திரும்பும் வாய்ப்பு, ஆபத்து குறைந்தவர்களுக்கு 12 சதவீதம், மிகுந்தவர்களுக்கு 22. வேறுபாடு உண்மைதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் 'உங்களுக்குக் கீமோ வேண்டாம்' என்று உறுதியாகச் சொல்ல இந்த இடைவெளி போதாது என்றே நினைக்கிறேன்.

தேபாஷிஸ் சாஹு, பியேரோ டலேர்பா, மைக்கேல் கிளார்க் ஆகியோரின் குழு வேறு வழியில் தேடியது. முதிராத, ஸ்டெம் செல் போன்ற குடல் செல்களில் அல்காம் என்ற புரதம் மிகுந்திருக்கும். எந்த மரபணு அணைந்த கட்டிகளில் எல்லாம் அல்காம் தவறாமல் மிகுந்திருக்கிறது? ஆயிரக்கணக்கான கட்டிகளின் பதிவுகளைக் கணினியில் சலித்தார்கள். பட்டியலில் முதலில் நின்றது சி.டி.எக்ஸ்.2.

குடல் செல்லுக்குக் 'குடல்' என்ற அடையாளத்தைத் தருவதே இந்த மரபணுதான். எலிக் கருவின் குடற்பகுதியில் இதை நீக்கினால், அங்கே உணவுக்குழாயின் உட்படலம் போன்ற ஒன்று வளர்கிறது. இதை இழந்த புற்றுநோய் செல், தான் எங்கிருந்து வந்தோம் என்பதையே மறந்த செல்.

முடிவுகள் 2016 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியாயின. இரண்டாம் நிலை நோயாளிகளில் இந்த மரபணு வெளிப்பட்டவர்களில் 87 சதவீதத்தினர் ஐந்தாண்டுகள் நோயின்றி இருந்தார்கள். வெளிப்படாதவர்களில் 49 சதவீதத்தினர் மட்டுமே. வேறொரு நோயாளிக் குழுவில், மரபணுவுக்குப் பதில் அதன் புரதத்தைத் தேடிப் பார்த்தபோது 80-க்கு 51.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது இந்தப் புரதத்தைப் பார்க்கும் முறை. உடலில் பரவிய கட்டி குடலிலிருந்து கிளம்பியதா என்றறிய நோயியல் ஆய்வகங்கள் ஏற்கெனவே செய்துவந்த சாயச் சோதனை அது. புரதம் இருந்தால் செல்லின் உட்கரு பழுப்பாகும், இல்லையென்றால் ஆகாது. விலையுயர்ந்த மரபணுச் சிப்பு இல்லாத ஊரிலும் இதைச் செய்யலாம்.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும். சி.டி.எக்ஸ்.2 இல்லாத இரண்டாம் நிலைக் கட்டி இருந்தவர்களில், கீமோ பெற்றவர்களில் 91 சதவீதத்தினரும் பெறாதவர்களில் 56 சதவீதத்தினரும் நோயின்றி இருந்தார்கள். பிரமிக்க வைக்கும் வித்தியாசம். ஆனால் முதல் குழுவில் 23 பேர், இரண்டாவதில் 25 பேர். அவர்களுக்குக் கீமோ கொடுப்பதைக் குலுக்கல் தீர்மானிக்கவில்லை. பழைய பதிவேடுகளிலிருந்து எடுத்த கணக்கு அது. இந்தச் சாயத்தை மட்டும் பார்த்து மருந்தை முடிவு செய்ய, குலுக்கல் முறையில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தாக வேண்டும்.

(தொடரும்)